ஸ்டேட் செனட்டர் ஆபீஸில் உதவி கேட்பது எப்படி: கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

என் மனைவி பெயரில் போட்ட ஒரு விண்ணப்பம் மாநிலத் துறை ஒன்றில் ஏழு மாதம் கிடந்தது. எந்தத் துறை என்பது வேண்டாம், அங்கேயும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். போன் செய்தால் முக்கால் மணி நேரம் பாட்டு ஓடும், அப்புறம் ஒருவர் எடுத்து "பரிசீலனையில் இருக்கிறது" என்பார், வைத்துவிடுவார். ஆன்லைனில் பார்த்தாலும் அதே வார்த்தைதான். ஆபீஸில் கூட வேலை செய்யும் ஒருவர்தான், "உன் செனட்டர் ஆபீஸில் கேட்டியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டே இல்லாத எனக்கு எந்த செனட்டர்? இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன். அதிலும் முதலில் தப்பான செனட்டருக்கு எழுதி ஐந்து வாரம் வீணானது. நீங்களும் அதே சந்தில் போய் முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கலிஃபோர்னியா கணக்குதான் எனக்குத் தெரியும். மற்ற மாநிலங்களில் ஏற்பாடு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், தேதிகளும் விதிகளும் மாறும்.

1. உங்கள் பிரச்சினை எந்த அரசுடையது என்று பாருங்கள்

நான் விழுந்த குழி இதுதான், பாதிப் பேர் விழுவதும் இங்கேதான். 'செனட்டர்' என்ற பெயரில் இங்கே இரண்டு வகை ஆட்கள் உண்டு. மாநிலத்துக்கு இரண்டு பேர் என்று வாஷிங்டன் போகிறவர்கள் ஒரு வகை. டிவியில் வருகிறவர்கள் அவர்கள்தான். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் உட்காருகிற ஸ்டேட் செனட்டர்கள் நாற்பது பேர் வேறு. அவர்களோடு ஸ்டேட் அசெம்பிளியில் எண்பது பேர். இந்த 120 பேரும் சேர்ந்ததுதான் மாநிலச் சட்டமன்றம். நம் ஊர்க் கணக்கில் அசெம்பிளி உறுப்பினர் எம்.எல்.ஏ. மாதிரி, ஸ்டேட் செனட்டர் மேலவை உறுப்பினர் மாதிரி. தமிழ்நாட்டில் மேலவை 1986இல் போய்விட்டதால் நம்மில் பலருக்கு அந்த நினைவே இல்லை. ஆனால் இங்கே செனட்டரும் தொகுதியில் நின்று மக்கள் ஓட்டில் நேரடியாக ஜெயித்து வருகிறவர்தான்.

விசா, கிரீன் கார்டு, பாஸ்போர்ட், கூட்டாட்சி வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி இதெல்லாம் வாஷிங்டன் விவகாரம். அதற்கு உங்கள் காங்கிரஸ் உறுப்பினர் அல்லது அந்த இரண்டு செனட்டர்கள். டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, மாநில வருமான வரி, வேலையிழப்பு உதவித்தொகை, மகப்பேறு விடுப்புப் பணம், மெடி-கல் என்ற மாநில மருத்துவ உதவி, நர்ஸ், காண்ட்ராக்டர் போன்ற தொழில் உரிமங்கள் இவை மாநிலத்துடையவை. இவற்றுக்குத்தான் ஸ்டேட் செனட்டர் அல்லது அசெம்பிளி உறுப்பினர். குப்பை எடுக்கவில்லை, தெருவில் பள்ளம் என்றால் நகர சபை. சொத்து வரி என்றால் கவுன்டி, நம் மாவட்டம் மாதிரி.

வீட்டு ஓனர் டெபாசிட் தரவில்லை, பேங்க் ஏமாற்றிவிட்டது, கம்பெனி சம்பளம் பாக்கி வைத்திருக்கிறது என்பது போன்ற தனியார் சண்டைகளை செனட்டர் தீர்த்து வைக்க மாட்டார். எந்த மாநிலத் துறையில் புகார் கொடுக்கலாம் என்று வேண்டுமானால் சொல்வார்கள். கோர்ட்டில் இருக்கும் வழக்கில் கை வைக்கவே மாட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், டிவியில் பார்த்த பெயர் என்பதால் வாஷிங்டன் செனட்டர் ஒருவரின் தளத்தில் ஃபார்மை நிரப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஐந்து வாரம் கழித்து, "இது மாநில விவகாரம், உங்கள் ஸ்டேட் செனட்டரை அணுகுங்கள்" என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை.

2. உங்கள் தொகுதி எது என்று கண்டுபிடியுங்கள்

கூகிளில் 'ஃபைண்ட் யுவர் ரெப் கலிஃபோர்னியா' என்று தேடினால் சட்டமன்றத்தின் சொந்தப் பக்கமே வரும். வீட்டு முகவரியைப் போட்டால் உங்கள் ஸ்டேட் செனட்டர், அசெம்பிளி உறுப்பினர் இருவர் பெயரும் தொகுதி எண்ணும் காட்டும். காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம்.

முழு முகவரியையும் போடுங்கள். ஜிப் கோடு மட்டும் போதாது, ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதியில் கிடக்கும். எங்கள் அபார்ட்மென்ட் ஒரு தொகுதி, எதிரே இருக்கிற இந்தியன் கடை வேறு தொகுதி. வீடு மாறினால் மறுபடி பாருங்கள்.

தொகுதியின் அளவைத் தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பும் சரியாக இருக்கும். சுமார் 3.95 கோடிப் பேருக்கு 40 செனட்டர் என்றால் ஆளுக்குப் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கிருந்து வாஷிங்டன் போகும் காங்கிரஸ் உறுப்பினர்கள் 52 பேர், அவர்களின் தொகுதிகூட இதைவிடச் சிறியது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தால் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு மூன்று லட்சம் பேர்தான். ஆகவே செனட்டரே போன் எடுத்துப் பேசுவார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பேசப்போவது அவருடைய ஸ்டாஃபிடம். காரியம் முடிப்பவர்களும் அவர்கள்தான்.

செனட்டரிடம் போவதா அசெம்பிளி உறுப்பினரிடம் போவதா? துறையில் சிக்கிய விஷயத்துக்கு இருவரில் யாரும் சரி. ஒருவரிடம் மட்டும் போங்கள். இரண்டு பக்கமும் கொடுத்தால் துறையில் ஒரே கேஸுக்கு இரண்டு விசாரணை போய், ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருப்பார்.

3. ஓட்டு இல்லையே என்று தயங்காதீர்கள்

தொகுதியில் குடியிருந்தால் போதும். ஹெச்1பி, ஹெச்4, எஃப்1 எதுவானாலும் நீங்கள் அந்த செனட்டரின் தொகுதிவாசிதான். தொகுதி பிரிக்கும்போது எண்ணுவதே ஓட்டாளர்களை அல்ல, குடியிருக்கும் எல்லோரையும்தான். எங்களிடம் முகவரி கேட்டார்கள், விசா என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் உஷாராக இருங்கள். ஒன்று, லைசென்ஸ் விண்ணப்பத்தில் ஓட்டாளர் பதிவு பற்றிய கேள்வி வரும். குடியுரிமை இல்லாதவர்கள் அவசரத்தில் 'ஆம்' என்று தட்டிவிடாதீர்கள், பின்னால் குடியேற்ற விஷயத்தில் பெரிய தலைவலியாகும். இரண்டு, தேர்தல் நன்கொடை. கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர்கள் எந்த வேட்பாளருக்கும் பத்து டாலர்கூடக் கொடுக்கக்கூடாது, அது கூட்டாட்சிச் சட்டம். உதவி செய்தார்களே என்று நன்றிக்குக்கூட வேண்டாம்.

செலவு பூஜ்யம். "செனட்டர் ஆபீஸில் ஆள் தெரியும், 300 டாலர் கொடுங்கள்" என்று எவராவது சொன்னால் அவர் உங்களை ஏமாற்றுகிறார், அவ்வளவுதான்.

4. காகிதங்களைத் தயார் செய்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்

வெறும் கையோடு கூப்பிட்டால் "இதெல்லாம் எடுத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி வைப்பார்கள், ஒரு சுற்று வீண். ஒரு கோப்பில் இவற்றைப் போட்டு வையுங்கள்:

- விண்ணப்ப எண் அல்லது கேஸ் எண், விண்ணப்பித்த தேதி
- துறையிலிருந்து வந்த எல்லாக் கடிதங்களும், குறிப்பாக மேலே தேதியும் எண்ணும் உள்ள பக்கம்
- நீங்கள் போன் செய்த தேதிகள், பேசியவர் பெயர், அவர் சொன்னது. ஒரு நோட்டில் கிறுக்கி வைத்தால்கூடப் போதும்
- முகவரிக்கு ஒரு சான்று, கரண்ட் பில் மாதிரி
- என்ன வேண்டும் என்று ஒரே வரி: "முடிவு சொல்லுங்கள்", "குறை என்ன என்று எழுத்தில் தாருங்கள்" என்பது போல

இதோடு ஒரு ஒப்புதல் ஃபார்ம் உண்டு. உங்கள் விவரங்களை செனட்டர் ஆபீஸிடம் சொல்லலாம் என்று துறைக்கு நீங்கள் கொடுக்கும் சம்மதம் அது. ஒரே பக்கம்தான், செனட்டரின் தளத்தில் கிடைக்கும், இல்லாவிட்டால் மெயிலில் அனுப்புவார்கள். இதில் கையெழுத்து இல்லாமல் துறை வாயே திறக்காது.

இங்கே நான் இரண்டாவது முறை சறுக்கினேன். ஃபார்மில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுநாள் கேஸ்வொர்க்கர் அம்மா, அதாவது செனட்டர் ஆபீஸில் நம் மாதிரிக் கேஸ்களைப் பார்க்கும் ஸ்டாஃப், கூப்பிட்டு, "விண்ணப்பம் உங்கள் மனைவி பெயரில் இருக்கிறது, கையெழுத்து உங்களுடையதாக இருக்கிறதே" என்றார். கணவன், அப்பா, மகன் என்று யாராக இருந்தாலும் செல்லாது. விண்ணப்பம் யார் பெயரிலோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் விஷயமாக இருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் நம் ஆட்களுக்கே உரிய சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது) என்று அடித்து, நம் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராக்கிவிடுவார்கள். அப்புறம் ஒரு கார்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இன்னொன்றில் கணவர் பெயர், மூன்றாவதில் இனிஷியல். என் மனைவிக்கு மூன்று ஆவணத்தில் மூன்று விதம். ஃபார்மின் ஓரத்திலேயே "இந்தப் பெயர்களும் இவரையே குறிக்கும்" என்று எல்லா வடிவத்தையும் எழுதுங்கள், பிறந்த தேதியையும் சேருங்கள். இதை நான் முதலில் எழுதவில்லை. அதனால் என்ன ஆனது என்று கீழே வருகிறது.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மட்டும் சும்மா மெயிலில் தட்டி அனுப்பாதீர்கள். தேவைப்பட்டால் போனில் சொல்லலாம், நேரில் கொடுக்கலாம்.

5. தொகுதி ஆபீஸைக் கூப்பிடுங்கள்

ஒவ்வொரு செனட்டருக்கும் குறைந்தது இரண்டு ஆபீஸ். சாக்ரமென்டோவில் ஒன்று, தொகுதியில் ஒன்று. மசோதா பற்றிப் பேச சாக்ரமென்டோ, உங்கள் சொந்தக் கேஸுக்குத் தொகுதி ஆபீஸ். மாற்றிக் கூப்பிட்டாலும் திருப்பிவிடுவார்கள், ஆனால் அதில் ஒரு நாள் போகும்.

மெயிலைவிட போன் வேகம். காலையில் கூப்பிடுங்கள். "நான் இந்த ஊரில் குடியிருக்கிறேன், தொகுதிவாசி. ஒரு மாநிலத் துறையில் என் விண்ணப்பம் ஏழு மாதமாக நிற்கிறது, கேஸ்வொர்க் பார்ப்பவரிடம் பேச வேண்டும்" என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். இங்கிலீஷ் தடுமாறினால் மொழிபெயர்க்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள், அல்லது ஒரு நண்பரை லைனில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போகவும் செய்யலாம். சில செனட்டர்களின் ஸ்டாஃப் மாதம் ஒரு நாள் லைப்ரரியிலோ உழவர் சந்தையிலோ மேஜை போட்டு உட்காருவார்கள், தேதி அவர்களின் செய்திமடலில் வரும்.

கோபத்தைக் கொட்டாதீர்கள். ஏழு மாதக் கோபம் எனக்கும் இருந்தது. போனை எடுத்தவர் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அவர் என்ன செய்வார்?

6. காத்திருக்கும்போது

உள்ளே நடப்பது இதுதான். பெரிய துறைகள் ஒவ்வொன்றிலும் சட்டமன்ற ஆபீஸ்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. கேஸ்வொர்க்கர் அங்கே உங்கள் எண்ணை அனுப்புவார். கூட்டத்தில் தொலைந்து கிடக்கும் உங்கள் கோப்பை அங்கே ஒரு மனிதர் கையில் எடுத்துப் பார்ப்பார். விஷயமே அவ்வளவுதான். "இவருக்குச் சாதகமாக முடிவு கொடு" என்று செனட்டர் உத்தரவு போட முடியாது, போடவும் மாட்டார். தகுதி இல்லாத விண்ணப்பம் இதனால் தேறிவிடாது.

எங்களுக்குப் பதினோராவது நாள் பதில் வந்தது. பெயர்தான் வில்லன். துறையின் கணினியில் மனைவிக்கு இரண்டு பதிவு இருந்திருக்கிறது. 'எஃப்.என்.யு.'வோடு ஒன்று, பிரித்து எழுதிய பெயரோடு ஒன்று. நாங்கள் அனுப்பிய காகிதம் ஒன்றில் போய் உட்கார்ந்திருக்க, இன்னொன்று "ஆவணம் வரவில்லை" என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. செனட்டர் ஆபீஸும் முதலில் ஒரு பதிவைத்தான் கண்டுபிடித்தது. எல்லாப் பெயர் வடிவத்தையும் நான் முதலிலேயே எழுதியிருந்தால் நான்கு நாளாவது குறைந்திருக்கும். இரண்டையும் இணைத்து, இன்னும் மூன்று வாரத்தில் காரியம் முடிந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மெயிலில் நினைவூட்டினால் போதும், தினம் கூப்பிட வேண்டாம். முக்கியமானது: மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு இருந்தால் செனட்டர் பார்த்துக்கொள்கிறார் என்று அதை விட்டுவிடாதீர்கள். அவர் விசாரிப்பதால் கெடு நிற்காது. மேல்முறையீட்டை நீங்கள் கெடுவுக்குள் போட்டுவிட வேண்டும்.

7. ஒரு மசோதா பற்றிச் சொல்ல வேண்டுமானால்

இது வேறு வேலை, இங்கே நேரம்தான் எல்லாம். செனட்டில் பிறந்த மசோதாவுக்கு எஸ்.பி., அசெம்பிளியில் பிறந்ததற்கு ஏ.பி. என்று முன்னெழுத்து, பிறகு ஒரு எண். தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்த்தது 2025இன் ஏ.பி. 268. சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லித் தடுக்க வந்தது 2023இன் எஸ்.பி. 403. எண் இல்லாமல் கூப்பிட்டால் உங்கள் கருத்தை எதில் சேர்ப்பது என்று அவர்களுக்கே தெரியாது. சட்டமன்றத்தின் மசோதாத் தளத்தில் எண்ணைப் போட்டால் வாசகம், திருத்தம், ஓட்டு விவரம் எல்லாம் இருக்கும். மசோதா வாசகம் வக்கீல் பாஷை, அதோடு மல்லுக்கட்டாமல் கமிட்டி ஸ்டாஃப் எழுதும் பகுப்பாய்வைப் படியுங்கள். இப்போதைய சட்டம் என்ன, இது எதை மாற்றுகிறது, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று நான்கைந்து பக்கத்தில் இருக்கும். அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கி மசோதாவைப் பின்தொடர்ந்தால் ஒவ்வோர் அசைவுக்கும் மெயில் வரும்.

காலண்டர் இப்படிப் போகும். புதிய மசோதாக்களுக்குக் கடைசி நாள் பிப்ரவரி நடுவில். தாக்கலானதும் முப்பது நாள் பொதுவாகத் தொட மாட்டார்கள், அது நாம் படிப்பதற்கான அவகாசம். வசந்த காலத்தில் கமிட்டி விசாரணை. மே கடைசி, ஜூன் தொடக்கத்துக்குள் பிறந்த சபையைத் தாண்ட வேண்டும். அப்புறம் இன்னொரு சபையில் முதலிலிருந்து கமிட்டி. இரட்டைப்படை ஆண்டுகளில் ஆகஸ்ட் 31, ஒற்றைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் நடுவோடு கூட்டம் முடியும். கவர்னருக்குப் பன்னிரண்டு நாள், கூட்டத்தொடர் கடைசியில் வந்து குவிந்தவற்றுக்கு முப்பது நாள். கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை என்றால் மசோதா தானே சட்டமாகிவிடும். கவர்னர் கிடப்பில் போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிசயம்தான். எஸ்.பி. 403 செனட்டில் 34க்கு 1 என்று முதலில் ஜெயித்து, இரண்டு சபையும் தாண்டிப் போயும், 2023 அக்டோபர் 7 அன்று கவர்னர் கேவின் நியூசம் இருக்கிற சட்டமே போதும் என்று திருப்பி அனுப்பினார். ஓட்டு முடிந்ததும் ஓய்ந்துவிடாமல் கவர்னர் ஆபீஸுக்கும் எழுத வேண்டும் என்பது அந்த வருடம் இரு தரப்புக்குமே தெரிந்திருந்தது.

கருத்துச் சொல்லச் சரியான நேரம் கமிட்டி விசாரணைக்கு ஒரு வாரத்துக்கும் முன்னால். பகுப்பாய்வில் உங்கள் பெயர் ஏறுவதற்கு ஒவ்வொரு கமிட்டிக்கும் ஒரு கெடு உண்டு, அதன் பக்கத்தில் பாருங்கள். கடிதம் அனுப்பச் சட்டமன்றத்துக்கு ஓர் ஆன்லைன் தளம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா, உங்கள் முகவரி. நடுவில் இது உங்கள் வீட்டில் என்ன செய்யும் என்று உங்கள் சொந்த வார்த்தையில். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ஒரே கடிதத்தை ஐந்நூறு பேர் அனுப்பினால் ஐந்நூறு என்று எண்ணி வைப்பார்கள், படிக்கிறவர் இருக்க மாட்டார்.

8. சாக்ரமென்டோவுக்கே போய்ப் பேசுவது

யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் இல்லை. செலவு என்றால் லீவு, பெட்ரோல், பார்க்கிங். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து கேபிடல் காரிடார் ரயிலில் போனால் பார்க்கிங் தேடும் வேலையும் மிச்சம். கேபிடல் என்ற சட்டமன்றக் கட்டடத்தின் பின்பகுதியில் கட்டுமானம் நடப்பதால் உறுப்பினர்களின் ஆபீஸ்களும் பல விசாரணை அறைகளும் 1021 ஓ தெருவில் உள்ள கட்டடத்துக்குப் போய்விட்டன. எந்தக் கட்டடம், எந்த அறை என்று அன்றைய நிகழ்ச்சிநிரலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் ஏர்போர்ட் மாதிரி சோதனை, அதற்காக அரை மணி நேரம் முன்னால் போங்கள்.

விசாரணையில் வழக்கமாக ஒரு தரப்புக்கு இரண்டு முக்கிய சாட்சிகள், ஆளுக்கு இரண்டு நிமிடம் போல. மற்றவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று மைக்கில் பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா, அவ்வளவுதான் சொல்லலாம். முதல் தடவை போன என் நண்பர் மூன்று பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே தலைவர் "நன்றி, அடுத்தவர்" என்றுவிட்டார். மனிதர் வெளியே வந்து அந்தக் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கிக் கடிதமாக முன்பே அனுப்பியிருக்கலாம். இருந்தும் நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பத்து விநாடியா என்று நினைக்காதீர்கள், வரிசையின் நீளத்தை மேடையில் இருப்பவர்கள் நன்றாகவே பார்க்கிறார்கள்.

போகவே வேண்டாத ஒரு நாளும் உண்டு. அரசுக்குச் செலவு வைக்கும் மசோதாக்களை நிதிக் கமிட்டிகள் 'சஸ்பென்ஸ் ஃபைல்' என்ற கட்டில் ஒதுக்கி வைக்கும். செனட்டில் பொது நிதியில் 50,000 டாலர், அசெம்பிளியில் 1,50,000 டாலர் தாண்டினாலே அதில் விழுந்துவிடும். மே மாதம் ஒரு தடவை, ஆகஸ்ட் வாக்கில் ஒரு தடவை கட்டை அவிழ்த்து, நூற்றுக்கணக்கான மசோதாக்களை ஏலம் விடுகிற வேகத்தில் வாசித்துத் தேறியது, நின்றது என்று முடித்துவிடுவார்கள். யாரும் பேச முடியாது. அதற்கு முந்தைய வாரங்களில் உங்கள் செனட்டர் ஆபீஸில், சட்டம் பார்க்கும் ஸ்டாஃபிடம் சொல்லி வைத்தால்தான் உண்டு.

செனட்டரையே பார்க்க வேண்டுமானால் ஷெட்யூலர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மெயில் போடுங்கள். வெள்ளிக்கிழமை கேளுங்கள், கூட்டத்தொடர் நடக்கும்போது பெரும்பாலும் அன்றுதான் தொகுதியில் இருப்பார்கள். நாங்கள் கேட்டது பதினைந்து நிமிடம், கிடைத்தது ஸ்டாஃபோடு இருபது நிமிடம். மனைவி முறுக்கு டப்பாவோடு வந்திருந்தார். வாங்கலாமா கூடாதா என்று அந்த ஸ்டாஃப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.